பழம் டீச்சர்

எங்கள் பள்ளியில் அவருக்குப் பழம் டீச்சர் என்று பேர். எங்களுக்கு நாலைந்து வருஷம் முன்னால் படித்த அக்காக்கள் வைத்தது. சின்னப் பிள்ளைகள் சண்டை வந்தால் காய் விடுவார்கள், ராசியானால் இரண்டு விரலை நீட்டிப் பழம் விடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களைக்கூட அவர் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அந்த இரண்டு விரலை நீட்ட வைத்துவிடுவார். பட்டப்பேர் அவருக்கும் தெரியும். ஒருநாள் யாரோ கரும்பலகையில் ‘பளம் டீச்சர்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அவர் வந்து பார்த்தார், ‘ள’வை அழித்துவிட்டு ‘ழ’ போட்டார், கீழே கோடு கிழித்து அன்றைய கணக்கை ஆரம்பித்தார்.

ஒல்லியான ஆள். மூச்சிரைப்பு உண்டு. தர்மபுரியிலிருந்து மொபெட்டில் வருவார். புழுதி ஆகாது என்று சித்திரை வெயிலிலும் மழைக்கோட்டைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டியிருப்பார். வந்து இறங்கியதும் வராந்தாப் படியில் உட்கார்ந்து, பையிலிருந்து மூச்சிரைப்புக்கான பம்பை எடுத்து வாயில் வைத்து இரண்டு முறை இழுப்பார். அதன்பிறகுதான் பேச்சு வரும்.

எங்களுடையது வத்தல்மலை அடிவாரத்தில், ஒரு சின்ன ஊரில் இருந்த அரசுப் பெண்கள் பள்ளி. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை பிள்ளைகள் வருவார்கள். வகுப்புக்கு அறுபது பேர். குழாயடியில் சண்டை, பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை, தலையில் வைத்த பூவுக்குச் சண்டை என்று தினம் ஏதாவது ஒன்று நடக்கும். மற்ற டீச்சர்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு அடி கொடுத்து முட்டி போட வைப்பார்கள். இவர் அடிக்க மாட்டார். இரண்டு பேரையும் கணக்கு லேபுக்குக் கூட்டிப்போய் ஒரே பெஞ்சில், ஒரே பக்கம் பார்த்து உட்கார வைப்பார். முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் முறைக்கத்தான் தோன்றும் என்பார். முதலில் ஒருத்தி சொல்ல வேண்டும். மற்றவள் குறுக்கே பேசக் கூடாது. அவள் முடித்ததும் இவள் தன் கதையைச் சொல்லக் கூடாது, அவள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் மனசு எங்கே நொந்தது என்பதைச் சரியாகச் சொல்லும்வரை விடமாட்டார். பிறகு அதே போல மற்றவள். கடைசியில், “முடிச்சுடலாமா?” என்பார். இரண்டு விரல். அவ்வளவுதான்.

இதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. சண்டை எதுவானாலும் அன்று சாயங்காலம் கேட்டைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட வேண்டும். ஏன் என்று ஒருநாள் வகுப்பில் அவரே சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தாராம். ஒரு காம்பஸ் பெட்டிக்காக இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள். பள்ளி விடும் நேரம். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று இவர் அனுப்பிவிட்டார். மறுநாள் விடிவதற்குள் அந்தச் சண்டை இரண்டு தெருவுக்குப் போய்விட்டது. கல் பறந்தது. அந்தப் பையன்களில் ஒருவனுக்குக் கண் போயிற்று. “நாளைக்கின்னு அனுப்பிவெச்சது நான்தான்” என்று சொல்லிவிட்டு டஸ்டரை எடுத்து, எழுதாத பலகையைத் துடைத்தார்.

ஒருமுறை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரின் அம்மாக்களே பள்ளிக்கு வந்து முடியைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் தெலுங்குக்காரர். கோபத்தில் அவருக்குத் தமிழ் வரவில்லை. டீச்சர் அவர்களையும் அதே பெஞ்சில் உட்கார வைத்தார். தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் ஒன்று கேட்டு, அதைத் தமிழில் மற்றவருக்குச் சொல்லி, முக்கால் மணி நேரம். நாங்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தோம். கடைசியில் அந்த இரண்டு அம்மாக்களும் அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூச்சிரைப்பே இல்லாதவர் போல இருந்தார்.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஏன் பிடித்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. எந்தத் தப்பு செய்தாலும் அவரிடம் போனால் அது சண்டையாகிவிடும், சண்டை சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு கோகிலா வந்து சேர்ந்தாள். மேலே மலையில் அவள் வீடு. அடிவாரத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்க வந்தவள். எங்கள் வகுப்பில் திவ்யா சொன்னதுதான் சட்டம். அவள் அப்பாவுக்கு நிறைய நிலம், பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் அவர்தான் தலைவர். நான் திவ்யாவின் தோழி. அவளுடைய தோழியாக இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எட்டாவதில் அப்படி ஒருத்திக்கு ஆனதைப் பார்த்திருந்தேன். அதனால் அவளைவிட ஒரு படி கூடவே செய்வேன்.

கோகிலா எங்களையே வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். மலையில் அப்படிப் பழக்கமோ, புது இடத்துப் பயமோ தெரியாது. அதை வைத்தே ஆரம்பித்தோம். அவளை ‘மலை’ என்று கூப்பிட்டோம். மலை வருது, தள்ளிக்க. மலைமேல புகை அடிக்குது. அவள் சாமைச்சோறு கொண்டுவந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவோம். ஒருநாள் அவள் உட்காரும் இடத்தில் தண்ணீரை ஊற்றி வைத்தோம். அவள் எழுந்ததும், பாவாடையை நனைத்துக்கொண்டாள் என்று வகுப்பே சிரித்தது. ஊற்றியது நான். அன்று கோகிலா சோற்று டப்பாவின் மூடியால் திவ்யாவை அடித்தாள். திவ்யாவின் நெற்றியில் ரத்தம் வந்தது.

ரத்தம் வந்ததால் அது சண்டை ஆகிவிட்டது. டீச்சர் இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்தார். சாட்சியாக நானும் நின்றேன். கோகிலா தன் கதையைச் சரியாகச் சொல்லவில்லை. எது முதல், எது அடுத்தது என்று அவளுக்குக் கோவையாக வரவில்லை. திவ்யா அழகாகச் சொன்னாள். கோகிலா நொந்திருப்பாள் என்பதைக்கூட அவளைவிட நன்றாக எடுத்துச் சொன்னாள். டீச்சருக்குத் திருப்தி. இரண்டு விரல் நீண்டது.

மறுநாள் குழாயடியில் திவ்யா அவளிடம் சொன்னாள், “அதான் பழம் வுட்டாச்சுல்ல. இனிமே போய்ச் சொன்னீன்னா நீதான் சண்டைக்காரின்னு ஆயிரும்.” நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அன்றிலிருந்து எங்களுக்கு இன்னும் வசதியாயிற்று.

அடுத்த இரண்டு மாசத்தில் இன்னும் இரண்டு முறை அந்தப் பெஞ்சுக்குப் போனோம். இரண்டாவது முறை கோகிலா ஒன்றும் சொல்லவில்லை, விரலை மட்டும் நீட்டினாள். மூன்றாவது முறை வெள்ளிக்கிழமை. பள்ளி விடப் பத்து நிமிஷம் இருந்தது. டீச்சர், “முடிச்சுடலாமா?” என்றார். கோகிலா தலை நிமிரவில்லை.

“நீங்க முடிச்சுட்டுப் போயிடுவீங்க டீச்சர். எனக்கு அப்பத்தான் ஆரம்பிக்கும்” என்றாள்.

டீச்சர் அதைக் கேட்டார். கேட்டது எனக்குத் தெரியும். அவர் கை பம்பைத் தேடிப் பைக்குள் போனது, எடுக்காமல் திரும்பி வந்தது. வெளியே பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வராந்தாவில் நிற்கும் சத்தம். அவர் கோகிலாவின் தோளில் கை வைத்து, இந்த ஒரு தடவை எனக்காக என்றார். கோகிலாவின் கையை எடுத்து அவரே திவ்யாவின் கையில் வைத்தார்.

அதற்கு அடுத்த புதன்கிழமை கடைசிப் பீரியடில் கோகிலா பாத்ரூம் போனாள். பள்ளிக்குப் பின்னால், மைதானத்து ஓரத்தில் தனியாக இருக்கும் கட்டிடம் அது. கதவுகளுக்கு வெளியிலும் கொண்டி உண்டு. திவ்யா கண்ணைக் காட்டினாள், நான் போய்க் கொண்டியைப் போட்டேன். மணி அடிக்கும்போது திறந்துவிடுவதாகத்தான் பேச்சு. மணி அடித்ததும் பஸ் வந்துவிட்டது. திவ்யா திறந்திருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் திறந்திருப்பேன் என்று அவள் நினைத்தாளாம். நான் அப்படி நினைத்தேன் என்பதுகூட முழு உண்மையில்லை. பஸ்ஸில் ஏறும்போது ஒரு நொடி நின்றேன். திரும்பிப் போனால் சீட்டு கிடைக்காது.

கோகிலாவின் சித்தி தேடிக்கொண்டு வந்து, பள்ளியைக் கூட்டுகிற அக்காவையும் அழைத்துக்கொண்டு போய்த் திறந்தபோது நன்றாக இருட்டிவிட்டதாம். கோகிலா அழவில்லை என்றும், கதவோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவே நேரமாயிற்று என்றும் கூட்டுகிற அக்கா பிறகு சொன்னார். அதன்பிறகு அவள் எங்கள் பள்ளிக்குள் கால் வைக்கவில்லை.

இரண்டு நாளில் கொண்டி போட்டது யார் என்று வெளியே வந்துவிட்டது, ஹெச்எம் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். திவ்யாவின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் அப்பா அவர் பின்னால் நின்றார். கோகிலாவின் அப்பா மலையிலிருந்து வந்து கதவோரமாக நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தனக்கு ஒன்றும் வேண்டாம், டிசியை மட்டும் கொடுத்துவிட்டால் போதும் என்றார். அறையில் எல்லோருக்கும் மூச்சு விட முடிந்தது. பிள்ளைகள் விளையாட்டு, வினையாகிவிட்டது என்று திவ்யாவின் அப்பா சொன்னார். ஹெச்எம் எங்கள் டீச்சரைப் பார்த்து, இரண்டு பக்கமும் சமாதானமாகப் போய்விட்டதாக ஒரு கடிதம் எழுதி, வழக்கம்போல நீங்களே முடித்துவைத்துவிடுங்கள் என்றார்.

டீச்சர் எழுந்தார். பம்பை எடுத்து இரண்டு முறை இழுத்தார்.

“இதுல ரெண்டு பக்கம் இல்லீங்க மேடம். நான் மூணு தடவ இத சண்டைன்னு நெனச்சு அந்தப் புள்ள கையப் புடிச்சு இவங்க கையில குடுத்தேன். அது எங்கிட்ட சொல்லுச்சு. நான் காதுல வாங்கல. இந்தக் கடிதத்த நான் எழுத மாட்டேன். நடந்தத எழுதித் தரேன். நான் பண்ணதையும் சேத்து.”

திவ்யாவின் அப்பா சிரித்தார். டீச்சருக்கு என்னாச்சு என்று ஹெச்எம்மைக் கேட்டார். கோகிலாவின் அப்பா அப்போதும் டிசி என்றுதான் சொன்னார். அவரிடம் டீச்சர் கைகூப்பியதை நான் பார்த்தேன். அவர் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் ஜன்னலோரம் நின்றார். ஏன் செய்தாய் என்று கேட்பார், அதற்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. கொண்டியைப் போட்ட பிறகு உள்ளேயிருந்து என்ன கேட்டது என்றார்.

யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நானே என்னைக் கேட்டிருக்கவில்லை. சொன்னேன். அவள் கத்தவில்லை. மெதுவாகத் தட்டினாள். “தொறங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க. தொறங்க” என்றாள்.

டீச்சர் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. எழுதித் தருகிறாயா என்றார். எழுதிக் கொடுத்தேன். அதற்காக வீட்டில் அடி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் மலைக்குப் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டு, நானும் வருகிறேன், கோகிலாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவர் மழைக்கோட்டின் பொத்தானை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“நீ வந்து அழுதீன்னா அவ உன்னச் சமாதானப்படுத்தணும். அந்த வேலையையும் அவ தலையிலயா வெக்கற?”

அந்த வருஷத்தின் மிச்சத்தில் அவர் வேறு ஆளாக இருந்தார். கணக்கு லேபு பெஞ்சில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. புகார் வந்தால் ஒவ்வொருத்தியாகக் கூப்பிடுவார். இது எத்தனையாவது தடவை, யார் யார் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்பார். பார்த்துக்கொண்டு நின்றவர்களைத்தான் அதிக நேரம் வைத்துக்கொள்வார். இருவருக்குள் வெறும் மனஸ்தாபம்தான் என்று தெரிந்தால் மட்டும் பேச வைப்பார், அதுவும் இருவரும் கேட்டால். சோற்று நேரத்தில் ஸ்டாஃப் ரூமுக்குப் போகாமல் குழாயடியில் நின்றே சாப்பிட்டார். ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்ததும் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். பாத்ரூம் கதவுகள் ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கக் கொண்டியைக் கழற்றினார். துருப்பிடித்த திருகாணிகள். மூச்சு வாங்க வாங்க, உட்கார்ந்து எழுந்து கழற்றினார். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றோம். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

மற்ற டீச்சர்கள் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். பள்ளி மானத்தை எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கோபம். திவ்யாவை அவள் அப்பா தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார். வகுப்பில் என்னோடு யாரும் சேரவில்லை. திவ்யாவின் கூட்டம் என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்றது. மற்றவர்களுக்கு நான் கொண்டி போட்டவள். டீச்சருக்கு அது தெரியும். என்னை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டார். அதற்கு மேல் பிரியம் எதுவும் காட்டவில்லை. கோடை விடுமுறைக்கு முன் அவருக்கு அரூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வழியனுப்பு விழா நடக்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து நான் அவரைத் தேடிப் போனேன். அப்போது தர்மபுரியில் ஒரு கார்மென்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி அரூர்ப் பக்கத்துப் பள்ளிக்குப் போனேன். சோற்று நேரம். மைதானத்தில் புங்கமரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டு, தன் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

கோகிலா எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். கேட்க அரைமணி நேரமாயிற்று. அவளைப் பத்தாவதில் வேறு ஊர்ப் பள்ளியில், விடுதியோடு சேர்த்துவிட்டதும், அதற்காக அவள் அப்பாவிடம் ஏழெட்டு முறை மலையேறிப் போய்ப் பேசியதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள் என்றார். பிறகு, “எங்கிட்ட பேச மாட்டா” என்றார்.

லீவுக்கு அவள் வந்திருக்கிறாள் என்று தெரிந்தால் இன்னும் போகிறாராம். மொபெட் சத்தம் கேட்டதும் கோகிலா எழுந்து வீட்டுக்குப் பின்னால், காப்பிச்செடிப் பக்கம் போய்விடுவாளாம். அவள் அம்மா காப்பி கொடுப்பார். குடித்துவிட்டு, மார்க்கெல்லாம் எப்படி என்று விசாரித்துவிட்டு இறங்கி வந்துவிடுவார். ஒருமுறை மட்டும் கோகிலா பின்பக்கத்திலிருந்து வந்து வாசலில் நின்று, எதற்கு வர்றீங்க என்று கேட்டாளாம். அவள் இன்னும் என்னென்னவோ கேட்டாள், கடைசியில் வீடே அதிரக் கத்தினாள். அம்மா பயந்துபோய் அவளை அடக்கப் பார்த்ததற்கு, டீச்சர்தான் வேண்டாம் விடுங்கள் என்றாராம். அதன்பிறகு மறுபடி பேச்சில்லை.

அவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு இன்னும் ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். இந்த உடம்போடு, அந்த வளைவுகளில்.

அவர் டப்பாவை மூடினார். “அவளுக்குக் கோவப்பட ஒரு ஆளு வேணாமா? நீங்கல்லாம் அவ கண்ணுல படாமப் போயிட்டீங்க. நான் ஒருத்திதான் படறேன்” என்றார்.

குரலில் என்மேல் குத்தலில்லை. சொல்லிவிட்டு மைதானத்தைப் பார்த்தார். நான் போய்ப் பார்க்கட்டுமா என்ற கேள்வி வாய்வரை வந்தது. அவர் போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு சின்னப் பெண், ஆறாவதோ ஏழாவதோ, எங்கள் பக்கம் வந்தது. பத்தடி தள்ளி நின்று, போவதா வருவதா என்று தெரியாமல் பாவாடை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் என்னிடம் எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். அந்தப் பெண்ணை ஒன்றும் கேட்கவில்லை. மரத்தின் மறுபக்கம் வேரில் உட்கார்ந்தார். பெண்ணும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தது.

என் பஸ் இரண்டு மணிக்கு. இருபது நிமிஷம் நான் அங்கேயே நின்றிருந்தேன். அந்தப் பெண் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது, வாயைத் திறக்கவில்லை. டீச்சர் அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எங்கும் போக வேண்டியதில்லாத ஆள் போல உட்கார்ந்திருந்தார். கேட்டருகில் போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்போதும் அந்தப் பெண் பேச ஆரம்பித்திருக்கவில்லை.